பச்சையில் சாது, சூட்டில் போதை! கஞ்சாச் செடியின் ரகசியம் தெரியுமா?

பல்லடம், பொங்கலூர் பக்கம் எந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தாலும் முறத்தில் சின்ன வெங்காயம் கிடக்கும். அரியத் தொடங்கினால் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்! அதையே முழுசாக வேகவைத்து நறுக்கிப் பாருங்கள், கண் கலங்காது. ஏன் தெரியுமா? கண்ணை எரிக்கும் பொருள் வெங்காயத்துக்குள் தயாராக இருப்பதே இல்லை. கத்தி பட்டுச் செல்கள் கிழியும்போதுதான் நொதிகள் அதை உண்டாக்குகின்றன. வெந்தால் நொதி செயலிழந்துவிடும். அந்தக் கண்ணீர் நொதியை 2002-ல் அடையாளம் கண்ட ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு 2013-ல் இக் நோபல் பரிசே கிடைத்தது!

வெங்காயத்தில் சூடு காரத்தை அடக்குகிறது. இதை அப்படியே தலைகீழாகச் செய்யும் செடி ஒன்று உண்டு. போலீஸ் செய்திகளில் ஓயாமல் அடிபடும் கஞ்சாதான் அது!

பச்சைச் செடியில் போதைப்பொருள் மிக மிகக் குறைவு, தெரியுமா?

பெண் பூக்களின் மேல் பனித்துளி போல மினுமினுக்கும் சுரப்பி முடிகள்தான் இந்தச் செடியின் ரசாயனக் கூடம். அங்கே உருவாவது டி.எச்.சி.ஏ. என்ற அமிலம். இது மூளையைக் கிறங்கடிப்பதில்லை. கிறங்கடிப்பது, கடைசி எழுத்து இல்லாத டி.எச்.சி.! ஓர் எழுத்துக்குள் இத்தனை வித்தியாசம்.

கழன்றுபோவது கோலி சோடா வாயு, தெரியுமா?

அமிலத்தைச் சூடாக்கினால் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். கோலி சோடாவில் புஸ்ஸென்று பொங்குமே, அதே வாயு! மிஞ்சுவதுதான் போதை தரும் டி.எச்.சி. செடி காயும்போதும், மாதக்கணக்கில் கிடக்கும்போதும் இதே மாற்றம் மெதுவாக நடக்கும். நெருப்புப் பட்டால் நொடியில் முடிந்துவிடும்.

கணக்குப் போட்டால் எடையே குறையும், தெரியுமா?

அமிலத்தின் மூலக்கூறு எடை சுமார் 358. வாயு போன பிறகு 314. ஆக, ஒரு கிலோ சுத்தமான அமிலம் முழுக்க மாறினால் கையில் நிற்பது 877 கிராம். மீதி 123 கிராம் காற்றோடு போச்சு! உலகெங்கும் பரிசோதனைக் கூடங்கள் 0.877 என்ற எண்ணால் பெருக்குவது இதனால்தான்.

சோதிக்கும் கருவியே போதையை உண்டாக்கும், தெரியுமா?

வாயு குரோமட்டோகிராபி என்ற கருவி மாதிரியைச் சூடாக்கி ஆவியாக்கித்தான் அளக்கும். அந்தச் சூட்டிலேயே அமிலம் டி.எச்.சி.யாகிவிடும். பச்சை எவ்வளவு, மாறியது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டுமானால், சூடாக்காமல் அளக்கும் திரவ குரோமட்டோகிராபிதான் வேண்டும்!

முதலில் கிடைத்தது கிழடு தட்டிய பொருள், தெரியுமா?

1896-ல் கேம்பிரிட்ஜ் வேதியியலாளர்கள் சரஸ் என்ற இந்தியக் கஞ்சாப் பிசினிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துக் கன்னபினால் என்று பெயரிட்டார்கள். உண்மையில் அது, காற்றும் வெளிச்சமும் பட்டு டி.எச்.சி. பழசாகும்போது உருவாகும் மிச்சம்! பச்சையில் ஒன்று, சூட்டில் ஒன்று, பழசானால் இன்னொன்று. ஒரே செடிக்கு மூன்று முகம்.

ஐந்து கிலோ ஹாஷிஷ் பஸ்ஸில் போனது, தெரியுமா?

இஸ்ரேலிய விஞ்ஞானி ரஃபேல் மெக்கூலம் ஆராய்ச்சிக்காகப் போலீஸிடமே கேட்டு ஹாஷிஷ் என்ற கஞ்சாப் பிசினை 5 கிலோ வாங்கி, அதைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனார். என்ன வாசனை இது என்று பயணிகள் மூக்கை உறிஞ்சினார்களாம்! 1964-ல் அவரும் யெஹியேல் கயோனியும் டி.எச்.சி.யைத் தனியே பிரித்து அதன் வடிவத்தையும் சொல்லிவிட்டார்கள்.

நம் மூளைக்குள்ளேயே ஓர் 'ஆனந்தம்' சுரக்கிறது, தெரியுமா?

டி.எச்.சி. போய் உட்கார மூளையில் நாற்காலிகள் தயாராக இருக்கின்றன. கஞ்சாவுக்காகவா உடம்பு நாற்காலி போட்டு வைத்தது? இல்லை! உடம்பே தயாரிக்கும் ஒரு பொருளுக்காக. 1992-ல் அதைக் கண்டுபிடித்த மெக்கூலம் குழுவினர், ஆனந்தம் என்ற சமஸ்கிருதச் சொல்லை எடுத்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள்.

'பச்சை' அமிலம் அமெரிக்கச் சட்டத்தையே ஏய்த்தது, தெரியுமா?

2018-ல் வந்த அமெரிக்க வேளாண் சட்டம், டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத செடியைப் போதைக்கு உதவாத 'ஹெம்ப்' வகையாக ஏற்றுக்கொண்டது. வியாபாரிகள் விடுவார்களா? அமிலம் நிறைந்த பூவை, "இதில் டி.எச்.சி. குறைவுதானே" என்று கடை விரித்தார்கள். வாங்கியவர் தீக்குச்சி உரசியதும் எல்லாம் டி.எச்.சி.!

நம் சட்டத்தில் அந்த ஓட்டை இல்லை, தெரியுமா?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவைப் பச்சையா சூடா என்று கேட்பதில்லை. செடியின் பூக்கும், காய்க்கும் தலைப்பகுதிதான் கஞ்சா. அதை எடை போட்டுப் பார்க்கும். 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. அதற்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை! அனுமதியின்றிச் செடி வளர்த்தாலே 10 ஆண்டு வரை உள்ளே போகலாம். வேடிக்கை என்னவென்றால், அதே 1985-ல்தான் அமெரிக்கா, ஆய்வகத்தில் தயாரித்த டி.எச்.சி.யைப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வாந்திக்கு மருந்தாக ஏற்றது.

விழுங்கினால் கல்லீரல் இன்னொரு வேலை செய்யும், தெரியுமா?

திருப்பூர், பல்லடம் வட்டாரத்தில் கஞ்சா சாக்லேட் பிடிபட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறதே, கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். புகை சில நிமிடங்களில் மூளைக்கு ஏறும். சாக்லேட்டோ அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை சும்மா இருக்கும். "ஒண்ணும் ஏறலையே" என்று இன்னொன்றை வாயில் போடுவார்கள். அதற்குள் கல்லீரல், டி.எச்.சி.யை இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாற்றத் தொடங்கியிருக்கும். இரண்டு சாக்லேட்டும் சேர்ந்து ஏறும்போது படபடப்பு, பயம், குழப்பம், மணிக்கணக்கில் நீளும் மயக்கம்! பார்வைக்கு மிட்டாய் போலவே இருப்பதால் குழந்தைகளுக்கு ஆபத்து பல மடங்கு.

"பச்சையா சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாதுங்க, மருந்துங்க" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். காய்ந்து பழசான செடியில் எவ்வளவு அமிலம் ஏற்கெனவே மாறிவிட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது; நாக்குக்கும் தெரியாது. கடைத்தெருவில் பெயர் தெரியாத உறையில் வரும் சாக்லேட்டைப் பிள்ளைகள் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது இந்தப் பழக்கத்தில் சிக்கியிருந்தால் திட்டி விரட்டாமல், 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.