ஜீப்பின் தரைக்கடியில் ஒரு மின்கலம்

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் தரை திடீரென்று காலுக்கடியில் விட்டுப்போனால் எப்படியிருக்கும்? 2018-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் எனக்கு அது நேர்ந்தது. கிளட்சை மிதித்தேன். பெடல் இறங்கியது, அதோடு என் இடது குதிகாலும் ரப்பர் விரிப்பைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. காலை உருவிக்கொண்டு வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். கிழிந்த தகட்டின் வழியே தார்ச்சாலை தெரிந்தது. பிரேக்கை மிதிக்கும் வலது கால் அப்படி இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருப்பேனா என்பது சந்தேகமே.

வண்டி என் சித்தப்பாவுடையது. 1979-ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் ஜீப். உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்த அவர், முதலாளி அதைக் கழித்துவிட்டபோது தாமே வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். உப்புச்சேறு படிந்த கால்களோடு ஆட்கள் ஏறுவதால் தரை கெட்டுவிடக்கூடாது என்று, ரப்பர் விரிப்புக்குக் கீழே ஒரு கோணியையும் மடித்துப் போட்டிருந்தார். அந்த ஆண்டு சித்திரையில்தான் ஒரு பட்டறையில் விட்டு, துருவைத் தேய்த்து, பட்டி பார்த்து, புதிதாகப் பெயிண்டும் அடித்து வாங்கியிருந்தோம். ஏழே மாதம்! ஐப்பசி மழை முடிவதற்குள் பெயிண்டில் அம்மைக் கொப்புளங்கள் போல் புடைத்துக்கொண்டு வந்தது. கார்த்திகையில் ஓட்டை.

"பேரீச்சம்பழக்காரனிடம்தான் போட வேண்டும் போலிருக்கிறதே, தம்பி" என்றார் சித்தப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்ட வண்டி ஏன் இப்படி ஆயிற்று? இதற்கு விடை காண உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யு. ஆர். எவன்ஸ் என்ற விஞ்ஞானி 1920-களில் செய்து காட்டிய சோதனை இது. நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின்மீது உப்புக் கரைசலில் ஒரு பெரிய துளியை வையுங்கள். அக்கரைசலில் சிறிது பினாப்தலீனும் சிறிது பொட்டாசியம் பெர்ரிசயனைடும் முன்பே கலந்திருக்க வேண்டும். (ஆசிரியர் உடனிருக்கட்டும்.) முதலில் அங்கங்கே நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள் தோன்றும். பொறுமையாக இருங்கள். சற்று நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் பிரிந்துவிடும். இரண்டுக்கும் இடையே பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் படியும். அந்த வளையம்தான் துரு.

நீலம் எதைக் காட்டுகிறது? அங்கே இரும்பு கரைந்து அயனியாகிறது என்பதை. இளஞ்சிவப்பு எதைக் காட்டுகிறது? அங்கே ஹைட்ராக்சைடு அயனிகள் பிறக்கின்றன என்பதை. துளியின் விளிம்பில் நீர் மெல்லிய படலமாக இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதில் சேர்கிறது. நடுவில் நீர் ஆழம், ஆக்சிஜன் பற்றாக்குறை. ஆகவே நடுவிலுள்ள இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது. அவை தகட்டின் வழியாகவே விளிம்புக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கின்றன. உப்புநீரின் வழியே அயனிகள் நடந்து சுற்றை முடிக்கின்றன. இது ஒரு மின்கலம் அல்லவா? டார்ச் விளக்கில் போடும் கலத்துக்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை.

இதில் நாம் எளிதில் தவறவிடும் செய்தி ஒன்றுண்டு. துரு படிவது ஓரிடம். இரும்பு கரைவது வேறோர் இடம். காற்று படாத இடத்தில்தான் உலோகம் தேய்கிறது. இப்போது சித்தப்பாவின் கோணியை நினைத்துப் பாருங்கள். எப்போதும் ஈரமாக, உப்பு ஊறி, காற்று புகாமல் தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. எவன்ஸின் துளியில் நடுப்பகுதி எதுவோ, அதுதான் அந்தக் கோணிக்கடியிலிருந்த தரை. போதாதற்கு வெள்ளிக்கிழமைக் குளியலும் உப்பளத்துக் கிணற்று நீரில். பாதுகாப்பு என்று செய்ததெல்லாம் மின்கலத்துக்குத் தீனி போட்டது.

இந்த மின்கலம் எவ்வளவு மின்சாரம் தந்திருக்கும்? பின்னால் அந்தத் தரையை வெட்டி எடுத்தபோது துருவைச் சுரண்டி நிறுத்துப் பார்த்தேன். அதே அளவு புதுத் தகடு 5 கிலோ. பழையது 4 கிலோ. ஒரு கிலோ இரும்பு போயிருக்கிறது. பாரடே விதிப்படி 56 கிராம் இரும்பு இரட்டை அயனியாக மாற ஏறத்தாழ 1,93,000 கூலும் மின்னூட்டம் பாயவேண்டும். கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு 34 லட்சம் கூலும் வருகிறது. அதாவது 960 ஆம்பியர்-மணி; 60 ஆம்பியர்-மணி கார் பாட்டரி பதினாறு காலியாகும் அளவு! இதையே 40 ஆண்டுகளுக்கும் பரப்பினால் சராசரி மின்னோட்டம் 3 மில்லி ஆம்பியர்கூட இல்லை. ஒரு சின்னஞ்சிறு எல்.ஈ.டி. விளக்கு மங்கலாக எரியும் மின்னோட்டம் இரவும் பகலும் விடாமல் பாய்ந்து, தரையைத் தின்றிருக்கிறது.

2019 கோடை விடுமுறையில் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் வேலையைத் தொடங்கினோம். வெல்டிங்குக்கு எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் வந்தார். கைதேர்ந்தவர். ஆனால் தொடக்கத்திலேயே எங்களுக்குள் ஒரு தகராறு. இந்த வகை ஜீப்பில் பெட்ரோல் டாங்கி ஓட்டுநர் இருக்கைக்குக் கீழேயே இருக்கிறது. "காலி டாங்கிதானே சார், ஒரு ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் பற்றவைத்துவிடலாம்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலி டாங்கி என்றால் பெட்ரோல் ஆவியும் காற்றும் நிறைந்த டாங்கி என்று பொருள். காற்றில் ஆவி ஒன்றரை விழுக்காட்டிலிருந்து ஏழரை விழுக்காடு வரை இருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அரை நாள் செலவாயிற்று. டாங்கியைக் கழற்றித் தெருக்கோடிக்குக் கொண்டுபோன பிறகுதான் தீயைத் தொட விட்டேன். பாட்டரி இணைப்பையும் கழற்றி வைத்தோம். வெட்டுவதும் பற்றவைப்பதும் பெரியவர்கள் வேலை; நீங்கள் தள்ளி நின்றே பாருங்கள், ஆர்க்கின் ஒளியை வெறுங்கண்ணால் பார்க்கவே வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை நனைத்தே தேய்த்தோம். தூளை மூச்சில் இழுக்கக்கூடாது.

எது தேறும், எது தேறாது என்று அறிய வண்டி முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற தகடு 'தொப்' என்று அடங்கும். அடுக்கடுக்காகப் பிரிந்த துரு அதிர்வை விழுங்கிவிடுகிறது. சந்தேகமான இடத்தில் திருப்புளியால் குத்தினேன். அடிச்சட்டத்தில், பின்புற வில்லுப்பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் திருப்புளி உள்ளே போய்விட்டது. அங்கே நான் கை வைக்கவில்லை. தரைத் தகடு காலைத் தாங்குவது. சட்டம் வண்டியையே தாங்குவது. அந்தப் பகுதியைப் பிற்பாடு கனரக வண்டிகளுக்குச் சட்டம் கட்டும் பட்டறையில் வெட்டி மாற்றினோம். வீட்டில் செய்யத்தக்கது எது என்பதில் அண்ணாச்சிக்கும் எனக்கும் கருத்து ஒத்துப்போனது இந்த ஓரிடத்தில்தான்.

அழுகிய தரையை, துருவின் விளிம்போடு நிறுத்தாமல் நல்ல இரும்பு கண்ணுக்குத் தெரியும் வரை வெட்டினோம். 18 கேஜ் தகட்டை அளந்து வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தால் வேலை சுலபம். ஆனால் இரண்டு தகடுகளுக்கிடையே காற்றுப் புகாத இடுக்கு உண்டாகிவிடும். எவன்ஸின் துளி உங்களுக்கு நினைவிருக்கும்!

இனி எஞ்சியது, ஓட்டை விழாமல் குழி மட்டும் விழுந்திருந்த பகுதிகள். பட்டறைக்காரர் தோற்றது இங்கேதான். அவர் தேய்க்காமல் இல்லை; நன்றாகத்தான் தேய்த்திருந்தார். ஆனால் உப்பு எங்கே ஒளிந்துகொள்கிறது என்பதைக் கவனியுங்கள். குழியின் அடியில் இரும்பு நேர்மின் அயனிகளாகக் கரைந்துகொண்டிருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடோ எதிர்மின் அயனி. ஈர்ப்பு இருக்குமல்லவா? ஆகவே குளோரைடு மேலே நிற்பதில்லை. குழியின் அடியாழத்துக்கே போய்ச் சேர்கிறது. கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் அங்கே எட்டாது. மேலே பளபளவென்று ஆன பிறகும் அடியில் உப்பு இருக்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்? பெயிண்ட் படலம் நாம் நினைப்பது போல் நீர் புகாத சுவரன்று. நீரை மெல்லக் கசியவிடும் சவ்வு. ஒரு பக்கம் மழைநீர், மறுபக்கம் உப்பு. உயிரியல் பாடத்தில் படித்த சவ்வூடு பரவலேதான்! நீர் உள்ளே இழுக்கப்பட்டு, பெயிண்ட் கொப்புளித்துக்கொள்கிறது. கொப்புளத்துக்குள் மின்கலம் மறுபடி ஓடத் தொடங்குகிறது. துரு வேறு, தான் தின்ற இரும்பைப் போல் பல மடங்கு இடத்தை அடைப்பதால், பெயிண்டை நெம்பித் தள்ளிவிடுகிறது.

ஆகவே வேலையில் பாதி, கழுவுவதுதான். முதலில் குழாய் நீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். பிறகு பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் துணியை நனைத்துக் குழிகளின்மேல் ஒட்டி, ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பிழிந்தேன். பிழிந்த நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும், எங்கள் வேதியியல் துறை நண்பரிடம் கெஞ்சி வாங்கிய வெள்ளி நைட்ரேட்டில் சில சொட்டுகளும் விட்டேன். பால் போல் வெளுத்தது. குளோரைடு! மறுபடி கம்பித் தூரிகை, மறுபடி துணி. ஐந்தாம் முறையும் வெளுத்தது. சித்தப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் முறைதான் குழாயில் நீர் தெளிவாக நின்றது. "நாற்பது வருஷத்து உப்பு, வாத்தியாரே" என்றார்.

கழுவிய இரும்பு காய்வதற்குள்ளேயே மஞ்சள் பூத்துவிடும். எஞ்சிய இந்த மெல்லிய துருவை அசைய முடியாத பொருளாக மாற்றிவிடலாம். கடுக்காயை இடித்துக் கொதிக்கவைத்த கஷாயத்தைத் துருவின்மேல் தடவிப் பாருங்கள். பழுப்பு, நீலக்கருப்பாக மாறும். கடுக்காயிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் சேர்மம் அது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். ஒரு துண்டுத் தகட்டில் ஆசைக்குச் செய்து பார்த்தேனே தவிர, ஜீப்புக்குக் கடையில் கிடைக்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலையே பயன்படுத்தினேன். அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டெல்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக நிற்பதற்கும், அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதால் உண்டான பாஸ்பேட் படலம் ஒரு முக்கியக் காரணம் என்று கண்டிருக்கிறார்கள்.

பிறகு பூச்சு. புதுத் தகட்டிலும் வெல்டிங் தையலிலும் துத்தநாகம் மிகுந்த பிரைமரைப் பூசினேன். இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் எலக்ட்ரானை இழக்கும். ஆகவே தான் கரைந்து இரும்பைக் காக்கும். நம் ஊர்க் காவல் தெய்வங்களின் கதை மாதிரிதான். ஆனால் துத்தநாகத் தூள் வெறும் இரும்பைத் தொட்டால்தான் இந்தக் காவல் நடக்கும், மின்சுற்று வேண்டுமே! பாஸ்பேட் படிந்த பழைய குழிகளில் அதனால் பயனில்லை. அங்கே ரெட் ஆக்சைடு. அந்தச் சிவப்பு நிறம் என்ன தெரியுமா? அதுவும் இரும்பு ஆக்சைடுதான். துருவின் நெருங்கிய உறவினரை எண்ணெயில் குழைத்துத் துருவுக்குக் காவல் வைக்கிறோம்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. இவ்வளவு கழுவியது உண்மையிலேயே அவசியமா? வெட்டியெடுத்த பழைய தரையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தேன். ஒன்றை ஒன்பது முறை கழுவினேன். மற்றொன்றைத் தேய்த்ததோடு விட்டேன். இரண்டுக்கும் ஒரே அமிலம், ஒரே பிரைமர், ஒரே பெயிண்ட். மொட்டை மாடியில் கடற்காற்று படும்படி தொங்கவிட்டேன். காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் தகடுகளை நிறுத்தி ஆண்டுக்கணக்கில் செய்யும் ஆய்வின் சின்னஞ்சிறு நகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடற்காற்றுக்கு அருகேதான் 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் 2022 வரை ரயில்களைத் தாங்கி நின்றது. பெயிண்ட் தூரிகை ஓயாமல் நடந்த பாலம் அது. என் மாடியில் முதல் மழைக்காலம் முடிந்ததும் கழுவாத தகட்டில் பதினோரு கொப்புளங்கள். கழுவியதில் ஒன்றும் இல்லை.

ஜீப் ஓடுகிறது. தரையில் நான்கு வடிகால் துளைகள் போட்டு ரப்பர் அடைப்பான் வைத்திருக்கிறேன். மழை நாட்களில் விரிப்பை எடுத்து வெயிலில் போட்டுவிடுவது சித்தப்பாவின் வேலை. கோணி இல்லாத தரை அவருக்கு இன்னும் மனத்துக்கு ஒப்பவில்லை. 2023 தை மாதத்தில் இடதுபுறப் படிக்கட்டு மடிப்பின் உள்ளே, துணி எட்டாத ஓரிடத்தில், ஒரு கொப்புளம் தலைகாட்டியது. அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டமிட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். அன்று குறுக்களவு 4 மில்லிமீட்டர். ஓராண்டு கழித்து 7. அடுத்த கோடையில் அந்த மடிப்பைப் பிரிக்க அண்ணாச்சியிடம் நாள் கேட்டிருக்கிறேன். "டாங்கியை நானே கழற்றி வைத்துவிடுகிறேன் சார்" என்றார்.