செயலியின் அறிவிப்பும் அதன் சோதனையும்

கைப்பேசிச் செயலியினுள் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குச் செய்தி அறிவித்த வண்ணம் இருக்கிறது. பணம் வரவானதும் கணக்குப் பகுதி அறிவிப்பு விடுக்கும். அதைக் கேட்டுத் திரைப் பகுதி புதிய இருப்பைக் காட்டும். ஐபோனில் இவ்வேலையைச் செய்யும் அமைப்புக்கு ‘நோட்டிபிகேஷன் சென்டர்’ என்று பெயர். அறிவிப்புத் தவறினால், பணம் வந்தும் வரவில்லை என்று அங்கத்தினர் கலங்குவார். இருமுறை வந்தால், ஒரே வரவு இரண்டாகத் தோன்றக்கூடும்.

பாவு ஓடுமுன் நூலைச் சோதிப்பதுபோல, செயலியை வெளியிடுமுன் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதித்தல் அவசியம். இதுவே அலகுச் சோதனை எனப்படும்.

இதில் ஓர் இடர் உண்டு. அறிவிப்பு சற்றுத் தாமதித்தும் வரலாம். சோதனை அதற்குள் முடிந்துவிடின், பிழை இருந்தும் ‘தேறியது’ என்றே காட்டிவிடும். இதனைத் தவிர்க்கவே ஆப்பிள் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் தன் சோதனைக் கருவியில் ‘எக்ஸ்பெக்டேஷன்’ என்னும் முறையைச் சேர்த்தது. குறித்த விநாடிகளுக்குள் அறிவிப்பு வராவிடில் சோதனை தவறியதாக அது தெரிவிக்கும்.

வந்ததா என்று பார்த்தால் மட்டும் போதாது. ஒரே முறை வந்ததா? பணம் வரவாகாதபோது வராமலிருந்ததா? இவற்றையும் சோதித்தல் வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் தனி நோட்டிபிகேஷன் சென்டர் அமைப்பது நலம். பொதுவானதைக் கொண்டால், ஒரு சோதனையின் செய்தி மற்றொன்றிற் புகுந்து குழப்பும்.

சங்கத்திற்கெனச் செயலி செய்விக்கும் நிர்வாகிகள், இம்மூன்று சோதனைகளும் நடந்தனவா என்று கேட்டறிந்த பின்னரே அதனை ஏற்றுக்கொள்ளுதல் கடமையாகும்.