மகளிரும் பயணமும்

மரம் நின்ற இடத்திலேயே நின்று வளரும். மக்களோ நடந்து வளர்வர். பிறந்த குழவி தவழ்ந்து, தளர்நடை பயின்று, தன் காலால் வாயிற்படியைக் கடக்கும் நாளே அதன் அறிவு விரியத் தொடங்கும் நாள். இதில் ஆண் குழவிக்கும் பெண் குழவிக்கும் வேற்றுமை இல்லை. ஆயின், வளர்ந்தபின் இருவர்க்கும் உலகம் ஒரே வகையில் வழி விட்டதா? ஆடவர் வெளியே சென்றால் அதனைத் 'தொழில்' என்றும் 'முயற்சி' என்றும் கூறிய உலகம், மகளிர் வெளியே சென்றால் 'ஏன், எங்கே, யாரோடு' என்று வினவியது. இவ்வினாக்களுக்கு விடை கூறியே மகளிர் பலர் தம் வாழ்நாளைக் கழித்தனர். பயணம் என்பது மகளிர்க்கு யாது தருகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பண்டைத் தமிழகத்தில் மகளிர் வழிநடந்ததே இல்லை என்று கருதுதல் பிழை. பாணரோடு விறலியரும் காடும் மலையும் கடந்து வள்ளல்களை நாடிச் சென்றமையைப் பத்துப்பாட்டும் புறநானூறும் காட்டுகின்றன. ஔவையார் அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றார். இரு வேந்தரிடையே நின்று பேசும் உரிமை ஒரு பெண்பாற் புலவர்க்கு அன்று இருந்தது. எனினும், மகளிரோடு கடல் கடந்து செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் வரையறுத்ததையும் நாம் மறத்தலாகாது. புலமையும் கலையும் உடைய சிலர்க்கு வழி திறந்திருந்தது; இல்லுறை மகளிர் பலர்க்கு அது திறக்கப்படவில்லை.

சிலப்பதிகாரத்தை நோக்குவோம். புகார் நகரின் செல்வ மனையில் வளர்ந்த கண்ணகி, கோவலனோடு மதுரைக்குப் புறப்படுகின்றாள். நகரின் எல்லையைக் கடந்து சிறிது தொலைவு சென்றதுமே கால் சோர்ந்து, மதுரை எங்குள்ளது என்று கணவனை வினவுகின்றாள். மதுரையோ நெடுந்தொலைவில் இருந்தது. ஊரும் வழியும் தொலைவும் அறியாது வளர்க்கப்பட்டவளின் வினா அது. அவ்வழியில் அவளுக்குத் துணையாக வந்தவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. அவரும் ஒரு பெண்மணியே. மதுரையில் பெருந்துயர் நேர்ந்தபின், அதே கண்ணகி தனியே தெருவில் நடந்து, அரண்மனை வாயிலை அடைந்து, மன்னன்முன் வழக்குரைத்து வென்றாள். பின்னர் வையைக் கரை வழியே மேற்கு நோக்கித் தனியே நடந்து சேரநாட்டு மலையை அடைந்தாள். அப்போது அவள் யாரையும் வழி கேட்கவில்லை. துன்பம் அவளை நடக்கச் செய்தது என்பது உண்மையே. துன்பம் வந்துதான் ஒரு பெண் வழியறிய வேண்டுமா என்பதே நாம் எண்ணத்தக்கது.

புதுக்கோட்டை என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். 1886-ஆம் ஆண்டு அவ்வூரில் முத்துலட்சுமி என்னும் பெண்மகவு பிறந்தது. பெண்கள் பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நின்ற காலம் அது. முத்துலட்சுமியோ ஆடவர் பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் பெற்றுப் பயின்றார். 1907-இல் மருத்துவக் கல்வியை நாடிச் சென்னைக்குச் சென்றார். அந்நாளில் புதுக்கோட்டைக்கு இருப்புப்பாதை வரவில்லை. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளிக்குச் சென்றே புகைவண்டி ஏறல் வேண்டும். ஓர் இளம்பெண் கல்வியின் பொருட்டு அவ்வளவு தொலைவு செல்வது அவ்வூர் காணாத புதுமை. 1912-இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதற் பெண்மணியாயினார். புதுக்கோட்டையிலேயே அவர் நின்றிருப்பின், நாடு ஒரு மருத்துவரை இழந்திருக்கும். எண்ணற்ற பெண்கள் தமக்காகப் பேசிய ஒரு குரலை இழந்திருப்பர்.

முத்துலட்சுமி அம்மையார்க்குக் கிடைத்த வழி அவ்வட்டாரத்துச் சிற்றூர் மகளிர்க்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. வானம் பார்த்த புன்செய் நிலமும் கற்சுரங்கங்களும் நிறைந்த நிலப்பகுதி அது. ஊருக்குப் பேருந்து ஒரு நாளில் ஓரிரு முறையே வரும். விளைந்த காயைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், நோயுற்ற மகவை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும், தாய் அப்பேருந்தையோ வீட்டு ஆடவரையோ எதிர்நோக்கியிருப்பாள். பேருந்து தவறினால் அன்றைய கூலி தவறும். கணவன் வெளியூர் சென்றிருந்தால் மகவின் காய்ச்சல் அவன் திரும்பும் வரையில் காத்திருக்க வேண்டும், காய்ச்சல் காத்திருக்குமா?

1991-ஆம் ஆண்டு அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறியா முதியோர்க்கு எழுத்தறிவிப்பதே அதன் நோக்கம். கற்பிக்கும் தொண்டர்களுள் பெண்கள் பலர். அவர்கள் ஊர்தோறும் செல்ல வேண்டும். கற்க வருவோர் மாலையில் வெளிவர வேண்டும். செல்ல இயலாதவர்க்குக் கல்வியும் எட்டாது என்பதை உணர்ந்த அந்நாள் மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார், மிதிவண்டி ஓட்டக் கற்பித்தலையும் எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாக்கினார். பெண் தொண்டர்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்.

சிற்றூர்த் திடல்களில் மாலை வேளைகளில் மகளிர் கூடினர். வேளாண் கூலிப் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், ஊர்ச் செவிலியர், ஆசிரியைகள் எனப் பலரும் வந்தனர். ஒருவர் பின்னின்று பிடித்துக்கொள்ள, மற்றொருவர் மிதித்துப் பழகினர். சேலைத் தலைப்புச் சங்கிலியிற் சிக்கிற்று, முழங்கால் சிராய்ந்தது. மிதிவண்டியின் இயல்பு வியப்புக்குரியது. நிறுத்தினால் அது சாயும். ஓட்டினால் நிமிர்ந்து நிற்கும். அஞ்சி நிற்பவரை அது கீழே தள்ளும். துணிந்து செல்பவரை ஏந்திச் செல்லும். அதனைக் கற்றவர் கற்றது வண்டியோட்டும் வித்தை மட்டுமன்று.

ஏளனமும் எழுந்தது. தெருவோரத்தில் நின்று நகைத்தவர் பலர். தகாத சொற்களை வீசியவரும் உளர். அந்நாளில் அவ்வட்டாரத்துப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்து வந்த யானும், 'இதுவும் ஒரு கல்வியா' என்று எண்ணியவனே என்பதை ஒளியாது கூறுகின்றேன். என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள், கூர்த்த அறிவினள். ஆயினும், பேருந்து வாராத நாளில் அவளும் வாராள். மழைக்காலத்தில் அவள் இடம் பாதி நாள் வெறுமையாகவே இருக்கும். கல்லுடைத்துப் பிழைத்த அவள் தாய் மிதிவண்டி கற்றாள். அதன்பின் ஒரு மழைநாளில், மணியடிக்குமுன், நனைந்த சேலையோடு அத்தாய் மகளைப் பின்னிருத்தி ஓட்டிவந்து பள்ளி வாயிலில் இறக்கிவிட்டுச் சென்றாள். அன்று என் எண்ணம் மாறிற்று. யான் சொல்லால் கற்பிக்க இயலாத ஒன்றை அத்தாய் செயலால் எனக்குக் கற்பித்தாள்.

1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியிற் கொடி கட்டி, மணியொலித்துப் புதுக்கோட்டை நகர்த் தெருக்களில் மிதிவண்டியில் உலா வந்தனர். இயக்கம் நடத்திய காட்சிகளிலும் போட்டிகளிலும் 70,000-க்கும் மேற்பட்ட மகளிர் பங்கு கொண்டனர் என்று பத்திரிகையாளர் பி. சாயிநாத் எழுதியுள்ளார். பெண்களுக்கென அமைந்த வண்டிகள் கடைகளில் போதாமல், ஆடவர் வண்டிகளையே பலர் வாங்கினர். அவ்வண்டியின் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதனையே விரும்பியவரும் உண்டு. பெண்கள் குடத்தில் நீர் கொணர்ந்தனர். விளைபொருளைப் பல ஊர்களுக்கும் கொண்டு சென்று விற்றனர். பேருந்துக்குக் காத்திருந்த நேரம் அவர்களுடைய நேரமாயிற்று.

இஃது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவினவாக அமைந்த பாதுகாப்பான மிதிவண்டியை உருவாக்கினார். அதன்பின் மேலைநாட்டு மகளிரும் அதனை ஓட்டலாயினர். அவர்களும் ஏளனத்திற்கு ஆளாயினர். அமெரிக்க நாட்டில் மகளிர் உரிமைக்கு உழைத்த பிரான்செஸ் வில்லார்டு அம்மையார் 53-ஆம் வயதில் மிதிவண்டி கற்றார். கற்ற வகையை 1895-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். முயல்வார்க்கு முதுமையும் தடையன்று.

இனி, பயணம் மகளிர்க்கு நல்கும் பயன்களைத் தொகுத்து நோக்குவோம்.

முதலாவது, திசையறிவு. எந்த வழி எங்குச் செல்லும், எந்த அலுவலகம் எங்குள்ளது, மருத்துவமனை எத்தனை நாழிகைத் தொலைவு என்பன தானே சென்றறிந்தவளுக்கு இடுக்கண் வந்த காலத்தில் உதவும். பிறர் கைப்பற்றிச் சென்றவளுக்கு வழி நினைவில் நில்லாது.

இரண்டாவது, பொருளறிவு. பயணச்சீட்டுக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு, எந்தச் சந்தையில் விலை மிகுதி என்று கணக்கிடுபவள் தன் உழைப்பின் மதிப்பை உணர்வாள். ஒரே வணிகன் வீட்டு வாயிலில் வந்து கூறும் விலைக்கு விற்றவள், அடுத்த ஊர்ச் சந்தையைக் கண்டபின் அவ்வாறு விற்பாளா?

மூன்றாவது, மாந்தரறிவு. அயலாரிடம் அளவோடு பேசுதல், ஐயுற வேண்டியவரை ஐயுறுதல், உதவி வேண்டியபோது தயங்காது கேட்டல், தீங்கு செய்வாரை உரத்த குரலில் தடுத்தல் ஆகிய இவை பழக்கத்தால் வருவன. வீட்டின் மூலையில் இருந்து இவற்றைக் கற்றல் அரிது.

நான்காவது, துணிபு. வழியிற் பேருந்து நின்றுவிட்டால் யாது செய்வது என்று ஒருமுறை தானே முடிவு செய்தவள், வாழ்வில் இடர் வந்தபோதும் முடிவு செய்வாள். விடுதலை என்பது பிறரை வெறுத்து ஒதுங்குதல் அன்று; தனக்குரிய முடிவைத் தான் எடுக்கும் ஆற்றலே ஆகும். அவ்வாற்றல் உடையவள் குடும்பத்திற்குச் சுமையாகாள், தூணாவாள்.

'வெளியே செல்லும் பெண்ணுக்குத் தீங்கு நேராதா?' என்று சிலர் வினவுவர். வினா பொருளற்றது அன்று. தெருக்கள் யாவும் மகளிர்க்கு ஏமமாக இல்லை என்பது கசப்பான உண்மை. ஆயின், தெருவில் பள்ளம் இருந்தால் பள்ளத்தை மூடுவோமா, நடப்பவரின் காலைக் கட்டுவோமா? விளக்கில்லாத தெருவுக்கு விளக்கிடுதலும், நேரத்திற்குப் பேருந்து விடுதலும், வழியில் மகளிர்க்குத் தூய கழிப்பிடம் அமைத்தலும் அரசின் கடன். தகாத சொல் கூறுவானைக் கண்டித்துத் திருத்துதல் ஊரின் கடன். பெண்ணை வீட்டிற் பூட்டுதல் குற்றம் செய்தவனை விட்டுக் குற்றமற்றவளை ஒறுத்தலே ஆகும்.

தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டத்தைத் தொடங்கிற்று. செல்வர்க்குப் பேருந்துக் கட்டணம் சிறு தொகை. நாட்கூலி பெறும் பெண்ணுக்கோ அஃது அரிசி வாங்கும் பணம். கட்டணத்திற்கு அஞ்சி அண்மையிலேயே குறைந்த கூலிக்கு உழைப்பவள், கட்டணம் இன்றேல் சற்றுத் தொலைவிற் கிடைக்கும் நல்ல வேலையை நாடலாம். வழி எளிதாகும்போது வாழ்வும் உயர்கின்றது.

மாணவச் செல்வங்களே! நுங்களுள் பெண்மக்களாயினோர், நும் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் வழியை அறிந்துகொள்ளுங்கள். பேருந்து அட்டவணையைப் படிக்கப் பழகுங்கள். மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அன்னையும் பாட்டியும் செல்ல விரும்பிச் செல்லாத இடம் யாது என்று கேளுங்கள். இயலுமாயின் அழைத்துச் செல்லுங்கள். ஆண்மக்களாயினோர், வழியில் செல்லும் பெண் அஞ்சாது செல்லுமாறு நடந்துகொள்ளுதலே நும் ஆண்மைக்கு அழகு என்று உணருங்கள். நும் தமக்கையும் தங்கையும் வெளியே புறப்படும்போது 'ஏன் செல்கின்றாய்' என்று தடுக்காதீர்கள். 'நலமே சென்று வருக' என்று வாழ்த்துங்கள்.

மழையில் நனைந்தபடி மகளைப் பள்ளி வாயிலில் இறக்கிவிட்ட அத்தாய் மீண்டும் வண்டியேறித் தன் வேலைக்குத் தனியே சென்றாள். அவள் மகள் பின்னாளில் ஆசிரியையாகி, தொலைவிலுள்ள ஊரில் தனியே தங்கிப் பணியாற்றினாள். தாய் கடந்த தொலைவு சில கல். மகள் கடந்த தொலைவு ஒரு தலைமுறை. பெண்ணொருத்தி வழியறிந்தால், அவளுக்குப் பின்வருவோர்க்கும் அவ்வழி திறந்தே இருக்கும்.