தண்ணீரில் கரையும் வைட்டமின் ஏ கிரீம்: எரிச்சல் குறையுமா, கர்ப்பிணிகள் பூசலாமா? முழு விளக்கம்

முகப்பரு, கரும்புள்ளி, முகச் சுருக்கம் என்று தோல் மருத்துவரிடம் போனால், அவர் எழுதித் தரும் மருந்துகளில் வைட்டமின் ஏ வகை கிரீமுக்கு முக்கிய இடம் உண்டு. நன்றாக வேலை செய்யும். ஆனால் முதல் சில வாரங்களுக்கு முகம் காயும், எரியும், தோல் உரியும். பலர் ட்யூபை பாதியிலேயே ஓரம் கட்டுவதும் இதனால்தான்.

இப்படிப்பட்டவர்களின் கவனத்தை ஈர்ப்பதுதான் 'தண்ணீரில் கரையும் வைட்டமின் ஏ'. "பிசுபிசுப்பு இருக்காது, எரிச்சலும் இருக்காது, மென்மையானது" என்று கேட்டதும், "அப்போ கர்ப்பமா இருக்கிறவங்களும் போடலாம்தானே?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. இதில் எது உண்மை, எங்கே உஷாராக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

வைட்டமின் ஏ ஏன் தண்ணீரில் கரையாது?

வைட்டமின்களில் இரண்டு வகை. பி, சி ஆகியவை தண்ணீரில் கரையும். ஏ, டி, இ, கே ஆகியவை கொழுப்பில் கரையும். அமெரிக்காவில் எல்மர் மெக்கல்லமும் மார்கரெட் டேவிஸும் 1913-ல் இந்தச் சத்தைப் பற்றி எழுதியபோதே, அது வெண்ணெயிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் உள்ள கொழுப்போடு சேர்ந்து வருவதாகச் சொன்னார்கள். கேரட் பொரியலில் கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் அதிலுள்ள சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்பதும் இதே காரணத்தால்தான்.

வைட்டமின் ஏ மூலக்கூறின் பெரும்பகுதி கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீளமான சங்கிலி. அது எண்ணெயோடு ஒட்டும், தண்ணீரிலிருந்து விலகும். இந்தச் சங்கிலி வெளிச்சம், காற்று, சூடு பட்டால் எளிதில் சிதைந்தும் போகும். அதனால்தான் இந்த வகை கிரீம்கள் வெளிச்சம் புகாத ட்யூபில் வருகின்றன, இரவில் பூசச் சொல்கிறார்கள்.

தோலுக்குள் போய் என்ன செய்கிறது?

கடைகளில் கிடைக்கும் அழகு சாதனப் பொருட்களில் இருப்பது பெரும்பாலும் ரெட்டினால் அல்லது ரெட்டினைல் பால்மிடேட். இவை நேரடியாக வேலை செய்வதில்லை. தோலுக்குள் போய் படிப்படியாக மாறி, கடைசியில் ரெட்டினாயிக் அமிலம் ஆன பிறகுதான் வேலை தொடங்கும். மருத்துவர் எழுதும் ட்ரெடினாயின் என்பது அந்த ரெட்டினாயிக் அமிலமேதான். படிகள் எதுவும் இல்லாமல் நேராக வேலை செய்வதால் பலன் அதிகம், எரிச்சலும் அதிகம்.

ரெட்டினாயிக் அமிலம் செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகளோடு சேர்ந்து, எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதையே மாற்றும். இந்த ஏற்பியை பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் 1987-ல் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. பழைய செல்கள் சீக்கிரம் உதிர்வது, துளை அடைப்பு நீங்குவது, கொலாஜன் கூடுவது எல்லாமே இந்த மாற்றத்தின் விளைவுதான்.

அதாவது, இது முகத்தில் பூசிக் கழுவும் சாதாரண கிரீம் அல்ல. ஜீன்கள் வரை போய் வேலை செய்யும் பொருள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

தண்ணீரில் கரைய வைக்க ஏன் இவ்வளவு முயற்சி?

ட்ரெடினாயினுக்கு முகப்பரு மருந்தாக 1971-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதில் முன்னோடி. அன்று முதல் இன்று வரை பெரிய புகார் ஒன்றுதான்: எரிச்சல்.

நம் ஊர் தோலுக்கு இது கூடுதல் சிக்கல். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் எரிச்சலோ புண்ணோ வந்து ஆறினால், அந்த இடத்தில் கருமை தங்கிவிடும். பரு போக வேண்டும் என்று பூசியதில், பருவோடு சேர்த்து கரும்படலமும் வந்தால் என்ன லாபம்? எனவே அதே பலனைக் குறைந்த எரிச்சலோடு தரும் வடிவம் வேண்டும் என்ற தேடல் தொடர்ந்தது. அதில் ஒரு வழிதான் தண்ணீரில் கரையும் வடிவம்.

வழியைக் காட்டியது நம் உடம்பேதான்

வைட்டமின் ஏ-வைத் தண்ணீரில் கரைய வைக்கும் வேலையை நம் உடம்பு ஏற்கெனவே செய்கிறது. வேண்டாத பொருளை வெளியே தள்ள, கல்லீரல் அதோடு குளுகுரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகைத் துண்டு ஒன்றை ஒட்டிவிடும். ஒட்டியதும் அது தண்ணீரில் கரையும். பித்தம் வழியாகவோ சிறுநீர் வழியாகவோ வெளியேறும். பாராசிட்டமால் மாத்திரையும் பெருமளவு இப்படித்தான் வெளியேறுகிறது.

ரெட்டினாயிக் அமிலத்துக்கும் இதே வேலை நடக்கிறது. அப்படி உருவாவதன் பெயர் ரெட்டினாயில் குளுகுரோனைடு. இது எலியின் பித்தத்தில் இருப்பதை ஜேம்ஸ் ஓல்சன் குழு 1965-ல் வெளியிட்டது. பிறகு மனித ரத்தத்திலும் இது மிகச் சிறிய அளவில் இருப்பது தெரிந்தது. உடம்பிலேயே இருக்கும் பொருள், தண்ணீரிலும் கரைகிறது என்றால், தோலில் பூசிப் பார்த்தால் என்ன என்ற கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

இந்தியர்களிடமும் சோதனை நடந்தது

1990-களில் ஓல்சனும் அவரோடு பணியாற்றிய அருண் பருவாவும் இதை முகப்பருவுக்குப் பயன்படுத்தும் ஆய்வுகளில் இறங்கினர். லேசான, நடுத்தர முகப்பரு உள்ள இந்தியர்களிடம் நடந்த ஆய்வு 1999-ல் வெளியானது. பருக்கள் குறைந்தன. ட்ரெடினாயினில் வழக்கமாக வரும் எரிச்சலும் தோல் உரிவதும் தென்படவில்லை.

ஏன் எரிச்சல் குறைவு? சர்க்கரைத் துண்டு ஒட்டியிருக்கும் வரை ரெட்டினாயிக் அமிலம் பூட்டிய நிலையில் இருக்கும். தோலில் உள்ள என்சைம்கள் அந்தத் துண்டை வெட்டும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். மொத்தமாக ஒரே நேரத்தில் கொட்டாமல், சொட்டுச் சொட்டாகக் கிடைக்கிறது என்பதுதான் இதன் அடிப்படை விளக்கம்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தோலின் மேலடுக்கு கொழுப்பால் பூசப்பட்ட சுவர் மாதிரி. தண்ணீரில் நன்றாகக் கரையும் பொருள் அந்தச் சுவரைத் தாண்டுவது கஷ்டம். கரையும் தன்மை கூடக் கூட, உள்ளே போகும் அளவு குறைய வாய்ப்பு இருக்கிறது. தண்ணீரில் கரைகிறது என்றாலே கூடுதல் பலன் என்று நினைத்துவிட முடியாது.

கர்ப்பிணிகள் பூசலாமா?

இங்கேதான் கவனம் மிக அவசியம். வைட்டமின் ஏ குடும்பத்தின் பெரிய ஆபத்து, கருவில் வளரும் குழந்தைக்கு ஏற்படும் பாதிப்பு. கடுமையான முகப்பருவுக்கு 1982 முதல் அமெரிக்காவில் தரப்பட்டுவரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரையால் குழந்தைகளுக்கு முகம், இதயம், மூளையில் பிறவிக் குறைபாடுகள் வந்தது உறுதியான விஷயம்.

அப்படியானால் தண்ணீரில் கரையும் வடிவம்? கர்ப்பமான எலிகளுக்கு ரெட்டினாயில் குளுகுரோனைடை வாய்வழியே கொடுத்த ஆய்வு 1993-ல் வெளியானது. ரெட்டினாயிக் அமிலம் பாதிப்பை உண்டாக்கியது, குளுகுரோனைடு உண்டாக்கவில்லை. "பாதுகாப்பான வைட்டமின் ஏ கிடைத்துவிட்டது" என்ற நம்பிக்கை பிறந்தது.

1996-ல் ஜெர்மனியில் ஹெய்ன்ஸ் நாவ் குழு வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. கர்ப்பமான சுண்டெலிகளுக்கு அதே பொருள் தரப்பட்டபோது, உடம்புக்குள் சர்க்கரைத் துண்டு கழன்று, அது பெருமளவு ரெட்டினாயிக் அமிலமாக மாறியது. குட்டிகளுக்குப் பிறவிக் குறைபாடுகளும் வந்தன.

ஒரே பொருள், இரண்டு விலங்கு, இரண்டு முடிவு. எந்த உயிரின் உடம்பில், எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. தண்ணீரில் கரையும் என்பது அந்தப் பொருளின் வடிவம் மட்டுமே. உள்ளே போனதும் அது மறுபடி ரெட்டினாயிக் அமிலமாக முடியும். எனவே 'தண்ணீரில் கரையும்' என்ற சொல்லை 'கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது' என்று படிக்கவே கூடாது.

தோலில் பூசும் வகையில் ரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் ஐரோப்பிய மருந்துகள் முகமை, கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் பூசும் வகை ரெட்டினாய்டு மருந்துகளையும் முன்னெச்சரிக்கையாகத் தவிர்க்க வேண்டும் என்று 2018-ல் அறிவுறுத்தியது.

தெரியாமல் பூசியவர்கள் பதற வேண்டியதில்லை. உடனே நிறுத்திவிட்டு, மகப்பேறு மருத்துவரிடம் கிரீமின் பெயரையும், எத்தனை நாள் பூசினார்கள் என்பதையும் சொன்னால் போதும். ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் 'தண்ணீர்' கிரீமும் இதுவும் ஒன்றா?

பெரும்பாலும் இல்லை. இதில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை: வைட்டமின் ஏ மூலக்கூறையே வேதியியல் முறையில் மாற்றி, தண்ணீரில் கரையும் துண்டை ஒட்டுவது. மேலே பார்த்த குளுகுரோனைடு இந்த வகை.

இரண்டாவது வகை: மூலக்கூறு அப்படியே எண்ணெயில் கரையும் பழைய ரெட்டினால்தான். அதை நுண்ணிய துளிகளாக்கியோ, சின்ன உறைக்குள் வைத்தோ தண்ணீர் ஜெல்லில் கலந்திருப்பார்கள். ட்ரெடினாயினை நுண் உருண்டைகளுக்குள் அடைத்து மெதுவாக வெளிவிடும் ஜெல்லுக்கு 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த முறையிலும் எரிச்சல் குறையும். ஆனால் உள்ளே இருப்பது அதே பழைய ஆள்தான்.

தோல் மருத்துவர்கள் இன்று வழக்கமாக எழுதும் பூசும் மருந்துகள் ட்ரெடினாயின், அடாபலீன், டசரோட்டீன், டிரைஃபரோட்டீன். ரெட்டினாயில் குளுகுரோனைடு இந்தப் பட்டியலில் இல்லை. எனவே முன் பக்கம் பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தாலும், பின் பக்கத்தில் சேர்மானப் பட்டியலைப் பார்ப்பதே நல்லது. 'ரெட்டின்' என்று தொடங்கும் பெயரோ, 'ரெட்டினோயேட்' என்று முடியும் பெயரோ இருந்தால், அது வைட்டமின் ஏ குடும்பம்தான்.

எவ்வளவு இருக்கலாம்?

அழகு சாதனங்களில் ரெட்டினால் அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் வரம்பு கொண்டுவந்தது. உடம்பு முழுக்கப் பூசும் லோஷனில் 0.05 சதவீதம், மற்றவற்றில் 0.3 சதவீதம். லோஷனுக்கு ஏன் குறைவு? பூசும் பரப்பு அதிகம். உணவு, சத்து மாத்திரை வழியாக ஏற்கெனவே வரும் வைட்டமின் ஏ-வோடு இதுவும் சேரும் என்பதே கவலை.

பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை

* முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நிறைய பூசினால் சீக்கிரம் பலன் வராது, எரிச்சல்தான் கூடும்.

* முதலில் வாரத்தில் 2 அல்லது 3 இரவு. தோல் பழகிய பிறகு மெதுவாகக் கூட்டலாம். முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு பூச வேண்டும். மேலே மாய்ஸ்சரைசர் தடவலாம்.

* பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

* கண் இமை, மூக்கு ஓரம், உதட்டு ஓரம் ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

* பென்சாயில் பெராக்சைடு மருந்தை ட்ரெடினாயினோடு ஒரே நேரத்தில் பூசக் கூடாது. அது ட்ரெடினாயினைச் சிதைத்துவிடும்.

* பரு குறைய சுமார் 12 வாரம் ஆகும். பத்து நாளில் "ஒண்ணும் ஆகலையே" என்று விடக் கூடாது.

* ட்ரெடினாயினோடு ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு சேர்ந்த கிரீம்களை 'சிவப்பழகு கிரீம்' என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் பூசுவது ஆபத்து. தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் மோசமாகும் நிலை வரலாம்.

கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், எக்ஸிமா உள்ளவர்கள், முகத்தில் வெயில் புண் இருப்பவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் எந்த வடிவத்திலும் இதைத் தொட வேண்டாம். பாலூட்டும் தாய்மார்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீரில் கரையும் வடிவம் எரிச்சலைக் குறைக்கலாம். வைட்டமின் ஏ-வின் குணத்தை அது மாற்றிவிடாது. அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி "இது தண்ணியில கரையுமா?" என்பதல்ல, "இதுக்குள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு?" என்பதுதான்.