ஓய்விலிருக்கும் மூளையும் ஒளியும்

ஓய்வு என்பது உழைப்பின்மை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமேயான மூளை, நாம் வாளாவிருக்கும்போதும் உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுகின்றது. 1995இல் பாரத் பிஸ்வாலும் அவர்தம் சகாக்களும், அசையாது படுத்திருந்தோரின் மூளையைக் காந்தப் படிமமுறையால் நோக்கினர். இரு கைகளையும் இயக்கும் இடவலப் பகுதிகளில் குருதியோட்டம் ஒருங்கே ஏறியிறங்கிற்று. இவ்வாறு ஒருங்கியையும் பகுதிகளை இணைத்து வரையப்படுவதே ஓய்வுநிலைத் தொடர்பு வரைபடம்.

காந்தப் பொறி பெருஞ்செலவினது. குழந்தைகளை அதனுள் அசையாது கிடத்தலும் அரிது. ஒளிமுறை அத்தகையதன்று. செந்நிறத்தை அடுத்த கீழ்க்கதிர்களால் மூளையின் ஒட்சிசன் நிலையை வெளியிலிருந்தே அளக்கலாமென 1977இல் யோப்சிஸ் காட்டினார். ஒட்சிசன் ஏற்ற குருதியும் அதனை இழந்த குருதியும் அக்கதிர்களை வெவ்வேறளவில் உறிஞ்சுகின்றன. தலையிலணியும் தொப்பியில் ஒளிமுதலொன்றும், அதற்கு ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் அப்பால் உணரியொன்றும் பொருத்தப்படும். சிதறித் திரும்பும் ஒளியின் ஏற்றத்தாழ்விலிருந்து குருதியின் மாற்றம் கணிக்கப்படுகின்றது. 2009இல் சென் லூயிஸ் நகரின் வாஷிங்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் இம்முறையால் ஓய்வுநிலைத் தொடர்புகளை வரைந்தனர். எனினும் மூளையின் ஆழத்தை இவ்வொளி எட்டாது. தலைத்தோலின் குருதியோட்டமும் இதயத் துடிப்பும் மூச்சும் பதிவிற் கலந்துவிடும். அவற்றைக் கழியாது வரைந்த படம் மூளையின் படமாகாது.

இலக்கிய மாணவரான நம்மை ஈர்ப்பது பிறிதொன்று. அடர்ந்த கருங்கூந்தலும் தோலின் கருநிறப்பொருளும் ஒளியை மிகுதியாக உறிஞ்சுவன. நம்மவர் தலையிற் பதிவு நலிவுறுவது இதனாலேயே. விரலில் மாட்டி ஒட்சிசனை அளக்கும் கருவி, கறுப்பின நோயாளரின் ஒட்சிசன் குறைவை வெள்ளையரினும் ஏறத்தாழ மும்மடங்கு அடிக்கடி தவறவிட்டதென 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறிற்று. கருவிக்கும் வர்க்கமும் வரலாறும் உண்டு.

உத்தரப் பிரதேசத்துச் சிவ்கரில் கிராமக் குழந்தைகளுக்கு ஒளித்தொப்பி அணிவித்து நிகழ்த்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. அது ஓய்வுநிலை பற்றியதன்று. கண்ணாற் கண்டதை நினைவிலிருத்தும் ஆற்றல் பற்றியது. தாயின் கல்வியும் வீட்டின் வருவாயும் குறைந்த குழந்தைகளில் மூளைச் செயற்பாடு நலிந்திருந்தது. இதனைப் பிறவிக் குறையென வாசிப்போரும் இருப்பர். வறுமையின் தடமென்றே நாம் வாசிப்போம்.

பேராதனையிலிருந்து அதிக தொலைவிலில்லாத ஹேவாஹெட்டைப் பகுதித் தோட்டங்களில், தாய்மார் மலையிற் கொழுந்து பறிக்கையில் குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் உறங்குகின்றனர். அங்கும் ஒருநாள் இத்தொப்பி செல்லுமாயின், வரைபடத்தின் அருகே தாயின் நாட்சம்பளத்தையும் அவள் பறித்த கொழுந்தின் நிறையையும் குறித்தல் வேண்டும்.