மீனாட்சியம்மாள்: தோட்டக் கூட்டங்களில் பாடியவர்

ஓமந்தையைக் கடந்து செல்லும் ஏ9 வீதியின் இருபுறமும், வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை, மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல வாழ்கின்றன. தமிழருக்கு எதிரான 1977 வன்செயலில் வீடிழந்து வந்தவர்கள் வவுனியாவில் குடியேறக் காந்தீயம் அமைப்பு வழி செய்தது. பாலர் பாடசாலைகளும் நடத்தியது.

இவர்களின் பாட்டன் பாட்டிமார் காலத்தில், தோட்ட மக்களின் உரிமைக்காக மேடையேறிய அரிய பெண் மீனாட்சியம்மாள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். கணவர் கோ. நடேசய்யருடன் தொழிற்சங்கத்திலும் ‘தேசபக்தன்’ பத்திரிகையிலும் உழைத்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று எழுதினார். 1931இல் அது சட்டமானது.

ஆனால் அவருடைய பெரும்பலம் பாட்டுத்தான். கொழுந்து பறித்த பெண்களில் மிகப் பலருக்கு எழுத்து தெரியாது. பத்திரிகை நுழையாத லயத்துக்குள்ளும் பாட்டு நுழைந்துவிடும். மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் அவரே இயற்றினார், அவரே பாடினார். 1940இல் அவை ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு நூலாக வந்தன.

இந்தியத் தொழிலாளரை வெளியேற்றும் முயற்சியை அப்பாடல்கள் துணிந்து எதிர்த்தன. எட்டே ஆண்டுகளில், 1948 குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. நாடற்றோராகவே எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.