'குறிப்பிட்ட' என்னும் அடைமொழி

பள்ளி அளிக்கும் மதிப்பீட்டு அறிக்கையில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்னும் தொடரைக் காணும் பெற்றோர் பலர், தம் குழந்தையின் அறிவே குன்றிவிட்டதாகக் கலங்குகின்றனர். அதன் பொருள் அதுவன்று. 'குறிப்பிட்ட' என்னும் அடைமொழிதான் அத்தொடரின் உயிர். படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் முதலிய சில திறன்களில் மட்டுமே இடர்ப்பாடு உள்ளது என்பதை அது உணர்த்துகிறது. எழுத்தை ஒலியோடு இணைப்பதில் தடுமாற்றம் தரும் டிஸ்லெக்சியா இவ்வகையினது. பக்கத்தைப் படிக்கத் திணறும் குழந்தை, அதனையே பிறர் படிக்கக் கேட்டால் தெளிவாக விடை கூறக்கூடும். சிந்தித்தலையும் அன்றாட வாழ்க்கைத் திறன்களையும் பரவலாகப் பாதிக்கும் அறிவுசார் குறைபாடு வேறு.

1995ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த 7 வகைகளுள் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அதனை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றது. தேர்வில் வழங்கப்படும் கூடுதல் நேரத்தையும், சொல்வதை எழுதுபவரின் துணையையும் நாம் 'சலுகை' என்கிறோம்; பார்வை மங்கியவர் அணியும் மூக்குக்கண்ணாடியை எவரும் அவ்வாறு அழைப்பதில்லை.

அறிக்கையில் கையொப்பமிடுமுன் பெற்றோர் வினவ வேண்டியவை சில உள: இடர்ப்பாடு எத்திறனில்? எச்சோதனையால் அறியப்பட்டது? நாளைய வகுப்பில் ஆசிரியர் எதனை மாற்றுவார்?